வளைவில் கைவிட்ட ஸ்டியரிங்! மீண்டும் ஓடியது அப்பாவின் ஹெரால்டு!

சென்னை–

ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினார். ஸ்டியரிங் திரும்பியது. ஆனால் கார் திரும்பவில்லை!

இன்னும் ஒரு சுற்று சுற்றினார். ராட்டினம் போல ஸ்டியரிங் லேசாகச் சுழன்றது. கார் மட்டும் நேராகவே போனது. எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல். அதில் போய் முட்டி நின்றது.

நல்ல வேளை! வேகம் 10 கிலோ மீட்டர் கூட இருக்காது. மணலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. காலை நேரம். கடை வாசலில் 5, 6 பேர் கிளாசும் கையுமாக நின்று கொண்டிருந்தார்கள்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு தெருவில் நடந்தது இது. காரை ஓட்டியவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. வயது 59. கார் 1967-ம் ஆண்டு செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

"வேர்த்து விறுவிறுத்துப் போச்சு சார். பிரேக்கை மிதிக்கணும்னு கூடத் தோணலை. ஸ்டியரிங்கைச் சுத்திக்கிட்டே இருக்கேன்" என்கிறார் அவர். இப்போது சொல்லும்போதும் கை நடுங்குகிறது.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க!"

அன்று சாயங்காலமே வீட்டில் பஞ்சாயத்து. "இனி இந்த வண்டி வாசலில் நிற்கக் கூடாது. பழைய இரும்புக்குப் போடுங்க" என்றார் மனைவி. மகனும் அம்மா கட்சி. பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நாளும் நெருங்கிக் கொண்டிருந்தது. செலவுக்கு மேல் செலவு!

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். குமாஸ்தாவின் அப்பா. வயது 84. அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர்!

ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூரைத் தாண்டிப் போனவர்களுக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை ஞாபகம் இருக்கும். ஹெரால்டு, பிறகு கெசல், கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாகக் கார்கள் வந்த இடம். 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. பல குடும்பங்களின் அடுப்பும் அதோடு அணைந்தது.

பெரியவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1961. ஹெரால்டு கார் சென்னையில் தயாராகத் தொடங்கிய அதே ஆண்டு. 1978-ல் பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கினார். பிள்ளை கார் ஓட்டப் பழகியது அதில்தான். பிள்ளை கல்யாண ஊர்வலம் போனதும் அதில்தான்.

"அப்பா ஒண்ணும் சொல்லலை. சாப்பிடாம எழுந்து போய்ப் படுத்துட்டார். அதுக்கு மேல எனக்கு மனசு வரலை" என்கிறார் குமாஸ்தா.

ஸ்போர்ட்ஸ் காரின் அக்கா!

ஹெரால்டு என்றால் ஏதோ பழைய டப்பா என்று நினைத்துவிட வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அது அக்கா முறை!

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து டிரையம்ப் கம்பெனி 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. வடிவம் போட்டவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் அடிப்படையில் அவர் வரைந்த 2 சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். பணமுடையால் அதன் மாதிரி வண்டி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. டிரையம்ப் கம்பெனி லேலண்டு கைக்குப் போன பிறகு அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்தார்கள். "இதைச் செய்யுங்கள்" என்றார்கள். 1962-ல் வெளிவந்தது. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பல அம்சங்கள் ஒன்று. முக்கியமானது ஸ்டியரிங் ரேக்! சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் சீறிக்கொண்டு ஓடியது இந்த ரேக்கின் தயவில்தான்.

அது என்ன ரேக்?

குழாய்க்குள் ஒரு இரும்புத் தண்டு. தண்டில் வரிசையாகப் பல். அதன் மேல் சின்னப் பல் சக்கரம். ஸ்டியரிங்கைச் சுற்றினால் பல் சக்கரம் சுற்றும். தண்டு இடமும் வலமும் நகரும். தண்டின் 2 முனையிலும் உள்ள டைராடு, முன் சக்கரங்களை இழுத்துத் திருப்பும். அவ்வளவுதான் விஷயம்!

பிரீமியர் பத்மினியில் இருந்தது போன்ற ஸ்டியரிங் பாக்ஸ் இதில் கிடையாது. இன்றைய சின்னக் கார்களில் எல்லாம் இந்த ரேக்தான். ஆனால் 1959-லேயே ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் சுற்றி வந்தது. லண்டன் டாக்சிக்குச் சமமான திருப்பம்!

என்ன நடந்தது?

மணலில் முட்டிய காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக் கொண்டு போனார்கள். போன இடம் புதுப்பேட்டை பக்கத்துச் சந்தில் ஒரு ஷெட். ஷெட்காரர் வயது 66. எல்லாருக்கும் 'பாய்'. ஒரு காலத்தில் ஹெரால்டுகளாகவே பார்த்தவர்.

பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட் என்றால் மூடி மட்டும் அல்ல. மட்கார்டோடு சேர்ந்து காரின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

டார்ச் அடித்துப் பார்த்தார் பாய். 2 நிமிடம் பேசவில்லை. பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"சார், இங்க பாருங்க. ஸ்டியரிங் ராடு இந்தப் பல்லு மேல முழுசா ஏறணும். ஏறின பிறகு இந்த போல்ட்டை இறுக்கணும். இது நகக்கண் அளவுதான் ஏறி இருக்குது. ஆடி ஆடிக் கழண்டுடிச்சு. கடவுள் காப்பாத்தினார். பைபாஸ் ரோட்டுல இது நடந்திருந்தா?"

3 மாதத்துக்கு முன்பு வேறு ஒரு ஒர்க்ஷாப்பில் ரேக்கைக் கழற்றி மாட்டி இருக்கிறார்கள். மாட்டும்போது ராடு நழுவி மேலே போயிருக்கிறது. இறக்கிச் சரிபார்க்காமல் போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டார்கள். ஒரு விரற்கடை அலட்சியம்!

அதோடு போகவில்லை. ரேக்கின் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக மண் புகுந்து பல் தேய்ந்திருந்தது. ரேக்கைத் தாங்கும் ரப்பர் புஷ் என்ஜின் ஆயிலில் ஊறி அல்வாவாக இருந்தது.

"இதை மறுபடி மாட்ட மாட்டேன். புது ரேக் கொண்டாங்க" என்று கையை விரித்தார் பாய்.

கப்பலேறி வந்த சாமான்!

ஹெரால்டு ரேக்குக்கு இப்போது எங்கே போவது? புதுப்பேட்டையில் 2 நாள் அலைந்தார் குமாஸ்தா. ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். உதட்டைப் பிதுக்கினார்கள்.

கை கொடுத்தது தங்கச்சி ஸ்பிட்ஃபயர்!

இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் மேல் இன்றும் பைத்தியமாக இருப்பவர்கள் ஏராளம். அதனால் ரேக், புஷ், பூட் எல்லாம் அங்கே இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குமாஸ்தாவின் மகன்தான் ஆர்டர் போட்டார். "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று சொன்ன அதே மகன்! தாத்தா படுத்த படுக்கையாக இருந்ததைப் பார்த்து மனம் மாறிவிட்டார்.

ஆர்டர் போடும் முன் பாய் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "வலது கை ஸ்டியரிங்குக்கு உள்ள ரேக்தானான்னு ரெண்டு தடவை கேட்டுக்கங்க தம்பி."

காரணம் உண்டு. ஸ்பிட்ஃபயர் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போன வண்டி. அங்கே இடது கை ஸ்டியரிங். அந்த ரேக்கில் பல் சக்கரம் எதிர்ப்பக்கம் இருக்கும். இங்கே மாட்டவே முடியாது! இங்கிலாந்தும் நம்மைப் போல வலது கை ஸ்டியரிங் என்பதால் சாமான் பொருந்துகிறது.

"முதலில் காலைப் பார்ப்போம்!"

பார்சல் வந்த மறுநாள் ஷெட்டுக்குக் கொண்டு போனார்கள். உடனே மாட்டிவிடுவார் என்று நினைத்தார் குமாஸ்தா. பாய் ரேக்கைத் தொடவே இல்லை! காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார். கட்டை முட்டுக் கொடுத்தார். முன் சக்கரத்தைக் கழற்றினார்.

"புது ரேக் போட்டு என்ன சார், கால் ஒடிஞ்சா?"

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவான ஒரு நோய் இது. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடி முனையில் மரை இருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரைதான் சுழல்கிறது.

இதற்கு கிரீஸ் ஆகாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கம்பெனிப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பல ஷெட்டுகளில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து கட்டியாகும். தண்ணீர் இறங்கும். தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் 'படக்' என்று ஒடியும். சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும்!

கழற்றிப் பார்த்தபோது வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் மரை பூராவும் துரு. பாய் விரலால் தடவிக் காட்டினார். செந்தூரம் போல ஒட்டிக் கொண்டு வந்தது. குமாஸ்தாவுக்கு அடிவயிறு கலங்கியது. ஸ்டியரிங் கழலாமல் இருந்தால் இதை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்!

அதற்கும் சாமான் வரவழைத்து மாட்டினார்கள். 3 வாரம் ஓடியது.

ரேக் ஏறியது!

பிறகுதான் ரேக். காலை 9 மணிக்குத் தொடங்கினார்கள். பாயும் உதவிக்கு ஒரு பையனும்.

முதல் வேலை எண்ணுவது. ரேக்கை மேஜை மேல் வைத்து, பல் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றினார் பாய். ஏறத்தாழ மூன்றே முக்கால் சுற்று. அதில் சரிபாதி திருப்பி நிறுத்தினார். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். "இதுதான் நடு. இது தப்பினா ஒரு பக்கம் வண்டி நல்லாத் திரும்பும். மறுபக்கம் திரும்பாது."

அடுத்தது கிரீஸ். அளவோடு போட்டார். அள்ளி அடைத்தால் ரப்பர் பூட் பலூனாக உப்பிக் கிழியும்.

ரேக் உட்காரும் இடம் என்ஜினுக்கு முன்னால், ரேடியேட்டருக்கு அருகில். குறுகலான சந்து. 2 பக்கமும் ரப்பர் புஷ். அதன் மேல் யூ போல்ட். கீழே அலுமினியக் கட்டை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். யூ போல்ட்டைப் போட்டு நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது தவறு! முறுக்குவதற்கு முன், பிடிப்பை வெளிப்பக்கமாக நெம்பித் தள்ளி ரப்பரை நெருக்க வேண்டும். அந்த நெருக்கத்தோடு நட்டை இறுக்க வேண்டும்.

"தள்ளாம இறுக்கினா என்ன பாய் ஆகும்?" என்று கேட்டான் பையன்.

"ஸ்டியரிங்கைத் திருப்பினா முதல்ல ரேக்கே நகரும். அப்புறம்தான் சக்கரம் திரும்பும். வண்டி யோசிச்சு யோசிச்சுத் திரும்பும்டா!"

ரப்பர் வேண்டாம் என்று இரும்பு போல அலுமினியப் பிடிப்புப் போடுபவர்களும் உண்டு. பந்தயக்காரர்களுக்கு அது சரி. நம் ஊர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கைக்கு வந்துவிடும்.

நூல் பிடித்தார்!

டைராடு முனைகளைக் கழற்றும்போது எத்தனை மரை சுற்றியது என்று பாய் முன்பே சுவரில் எழுதி வைத்திருந்தார். புது ரேக்கிலும் அதே கணக்கில் ஏற்றினார். அது ஆரம்பக் கணக்குதான். முடிவுக் கணக்கு நூலில் இருக்கிறது!

காரைத் தரையில் இறக்கினார்கள். முன்னும் பின்னும் தள்ளிவிட்டு நிறுத்தினார்கள். 2 முன் டயர்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்புறம் அளந்தார். பின்புறம் அளந்தார். முன்புறம் ஒரு அரிசி அளவு குறைவாக இருக்க வேண்டும். கணக்கில் சொன்னால் பதினாறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு அங்குலம். இது தப்பினால் புது டயரும் சீக்கிரம் மொட்டை!

கடைசியாக ஸ்டியரிங் ராடு. சக்கரம் நேராக, ஸ்டியரிங் நேராக, ரேக் நடுவில். மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். ராடைக் கீழே இறக்கினார் பாய். பல்லும் பல்லும் கவ்வின. முழுவதும் ஏறியது. போல்ட்டை இறுக்கினார். பையனை இறுக்கச் சொன்னார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க சார். ராத்திரி தூக்கம் வரணும் இல்ல?"

இறுக்கிப் பார்த்தார் குமாஸ்தா. நட்டு அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஹாரன் அடிக்கவில்லை!

மாலை 4 மணி. பெரியவரும் வந்துவிட்டார். பேரன் ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்திருந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. குமாஸ்தா ஆசையாக ஹாரனை அமுக்கினார்.

சத்தமே இல்லை!

பியூசைப் பார்த்தார்கள். சரி. ஹாரனுக்கு நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தார்கள். ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. ஸ்டியரிங் பட்டனை அமுக்கினால் ஊமை! பாய்க்கே குழப்பம். அரை மணி நேரம் ஒயரை உருவிக் கொண்டிருந்தார்.

நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ரேக்குக்கு எர்த் குடுத்தியா பாய்?"

பாய் தலையில் அடித்துக் கொண்டார்!

விஷயம் இதுதான். ஹாரனுக்கு எர்த் போவது ஸ்டியரிங் ராடு வழியாக. ராடு ரேக்கில் சேர்கிறது. ரேக்கோ ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் ரேக்கிலிருந்து சேசிசுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் வேண்டும். பழைய ரேக்கில் எண்ணெய் அழுக்குக்குள் மறைந்திருந்த அந்த ஒயரைப் பையன் கழற்றி வைத்திருந்தான். மாட்ட மறந்துவிட்டார்கள்.

5 நிமிட வேலை. ஒயரை மாட்டினார்கள். ஹாரன் அலறியது.

"எத்தனை வருஷம் ஆச்சுய்யா! இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களே?" என்றார் பாய்.

"தினம் பார்த்த வேலை. எங்க போகும்?" என்றார் பெரியவர்.

கார் வைத்திருப்பவர்களுக்கு…

பழைய கார் என்றில்லை. எந்தக் காராக இருந்தாலும் ஸ்டியரிங் வேலை செய்து வாங்கும்போது கவனியுங்கள் என்கிறார் பாய்:

* ஸ்டியரிங் ராடு போல்ட்டை இறுக்கியதைக் கண்ணால் பாருங்கள். கூச்சப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

* வலது பக்கமும் இடது பக்கமும் ஸ்டியரிங் ஒரே அளவு சுற்றுகிறதா என்று எண்ணுங்கள்.

* ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். பூட் விலை கொஞ்சம். ரேக் விலை அதிகம்.

* முதல் ஓட்டம் காலி மைதானத்தில். மெதுவாக. மெயின் ரோட்டில் அல்ல.

* சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி காட்டி, எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிக் கொள்ளுங்கள்.

ஒரே திருப்பு!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை. காலி மைதானத்தில் 2 சுற்று ஓட்டிப் பார்த்தார் பாய். பிறகு குமாஸ்தா. அதன் பிறகுதான் பெரியவரை முன் சீட்டில் ஏற்றினார்கள்.

பெருங்களத்தூர் பக்கம் போகச் சொன்னார் பெரியவர். பழைய தொழிற்சாலை இருந்த பகுதியை மெதுவாகக் கடந்தது கார். பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டே வந்தார். எதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் மணல் குவியல் இருந்த அதே தெரு. அதே வளைவு. குமாஸ்தாவுக்குக் கை வேர்த்தது. காலைத் தானாக பிரேக் மேல் வைத்துக் கொண்டார்.

"பயப்படாதே. ஒடி" என்றார் அப்பா.

ஒடித்தார். கார் திரும்பியது!

பதிவுப் புதுப்பிப்புக்கு மனு எழுதி வைத்திருக்கிறார் குமாஸ்தா. வண்டி எண்ணை எழுதிக் கொடுத்தவர் பெரியவர். காகிதத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தாராம். பழைய இரும்புக்குப் போடும் பேச்சு இப்போது அந்த வீட்டில் கிடையாது. மனைவி போட்டிருக்கும் கண்டிஷன் ஒன்றே ஒன்றுதான்.

"மாசம் ஒரு தடவை அந்த பாய் கிட்ட காட்டி, அந்த போல்ட்டைப் பார்த்துட்டு வரணும்!"